மறைத்து வைத்ததற்கு ஆன செலவு



"வேலை போய்விட்டது, வருமானம் நின்றுவிட்டது, குடும்பச் செலவை எப்படிக் குறைப்பது?" என்று கேட்டும், குறைத்த விதத்தைச் சொல்லியும் நம் சகோதரிகள் இந்தப் பகுதியில் எழுதும் கடிதங்களை ஒரு வரி விடாமல் படிப்பவள் நான். எண்ணெயை அளந்து ஊற்றுவது, குக்கரில் அடுக்கி வைத்துச் சமைப்பது, காலிஃபிளவர் தண்டில் கூட்டு செய்வது எல்லாமே நல்ல யோசனைகள்தான். ஆனால் எங்கள் வீட்டில் பணம் போன வழி வேறு. எழுதுவதா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். யாராவது ஒரு சகோதரி இப்போது அதே தப்பைச் செய்துகொண்டிருக்கலாம் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

நாங்கள் கோவை, சிங்காநல்லூர் பக்கம். லைன் வீடு, வாடகை 5,500 ரூபாய். பம்ப் மோட்டாருக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு பட்டறையில் என் கணவர் 11 வருடம் லேத் ஓட்டினார். நாற்பது பேர் வேலை பார்த்த இடம். ஆர்டர் குறைந்துகொண்டே வந்து, 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் பட்டறையைப் பூட்டிவிட்டார்கள். கடைசிச் சம்பளமும் ஒரு மாத நோட்டீஸ் சம்பளமும் கையில் கொடுத்தார்கள். கிராஜுவிட்டி பிறகு தருவதாகச் சொன்னார்கள்.

அன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு என்னிடம் மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு உடனே, "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். பாப்பாவுக்கு ஏப்ரல்ல பத்தாவது பரீட்சை, அது முடியற வரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. மாமியாருக்கு 68 வயது, சர்க்கரை வேறு. ரெண்டு மாசத்தில் எங்காவது வேலை கிடைக்காமலா போகும் என்று நினைத்தோம்.

அடுத்த நாள் காலை 8 மணிக்கு எப்போதும் போல டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தேன். எப்போதும் போல வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். முதல் இரண்டு வாரம் கணபதி, பீளமேடு என்று பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் ஒரே பதில்தான், "இருக்கறவங்களுக்கே வேலை இல்லீங்க." அதற்குப் பிறகு எங்கே போவது என்று தெரியாமல் குளக்கரையிலும் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சிலும் உட்கார்ந்துவிட்டு, சரியாகச் சாயங்காலம் ஆறரைக்கு வீடு வந்து சேருவார். கொண்டுபோன சாப்பாட்டை அங்கேயே சாப்பிட்டுவிட்டு பாக்ஸைக் கழுவிக்கொண்டு வருவார். அதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். ஆனாலும் வாய் திறக்கவில்லை.

அந்த மூன்று மாதமும் நான் சமையலறையில் என்னென்னவோ மிச்சம் பிடித்தேன். சாயங்கால டீயை விட்டேன். ஞாயிற்றுக்கிழமை கறியை முட்டையாக்கினேன். தேங்காய் ஒன்றை நான்கு நாள் ஓட்டினேன். "ஏம்மா குழம்பு தண்ணியா இருக்கு?" என்று பையன் கேட்டால், "வெயில் காலத்துக்கு இதுதான் நல்லது" என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆனால் வெளியில் எதையும் நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் காரணம் சொல்லியாக வேண்டுமே! மாதம் 2,000 ரூபாய் ஏலச்சீட்டு, பாப்பாவின் வேன் கூலி, பக்கத்து லைனில் ஒரு காதுகுத்து, தெரு முனையில் ஒரு கிரகப்பிரவேசம், ஒன்றுவிட்ட உறவில் ஒரு கல்யாணம். எல்லாவற்றிற்கும் பழைய கணக்குப்படியே மொய் எழுதினோம். போன வருசம் 500 வைத்தவருக்கு இந்த வருசம் 200 வைத்தால் ஊர் என்ன பேசும்? பிள்ளைகள் பேரில் வங்கியில் போட்டிருந்த 40,000 ரூபாய் இப்படித்தான் கரைந்தது.

ஏப்ரல் மாதம் பாப்பாவின் பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போது வந்தது பெரிய இடி. என் நாத்தனார் தாராபுரம் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அவள் மகள் பெரியவளாகிவிட்டாள் என்று போன். நல்ல சேதிதான். ஆனால் தாய்மாமன் சீர் என்றால் எங்கள் பக்கத்தில் லேசுப்பட்ட விஷயமா? இருப்பது ஒரே மாமன். பந்தல் போட்டு, மைக் செட் வைத்து, "மாமன் சீர் வருது" என்று ஊரே எட்டிப் பார்க்கும்.

அரைப் பவுனில் தோடு 24,500, பட்டுப் புடவை 6,000, தட்டு வரிசைக்குப் பழம், பலகாரம், பூ எல்லாம் சேர்த்து 4,000. மொத்தம் 34,500 ரூபாய். கையில் அவ்வளவு இல்லை. என் மூன்று பவுன் சங்கிலியை அடகு வைத்தோம். அதிலும் ஒரு கூத்து. எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே வங்கி இருக்கிறது. நகைக்கடனுக்கு மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. ஆனால் அங்கே போனால் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று, இரண்டு பஸ் மாறிப் போய், முகம் தெரியாத அடகுக் கடையில் 2 ரூபாய் வட்டிக்கு வைத்தோம். 35,000 ரூபாய்க்கு மாதம் 700 வட்டி. கழுத்து வெறுமையாகத் தெரியக் கூடாதே என்று 250 ரூபாய்க்குக் கவரிங் சங்கிலி வேறு!

விழாவில் என் கணவர் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்ததைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் நடந்தார். எனக்குத்தான் தொண்டையை அடைத்தது.

மே மாதம், அக்னி நட்சத்திரம். ஒரு நாள் சாயங்காலம் முகமெல்லாம் கறுத்துப்போய் வந்து உட்கார்ந்தார். மாமியார் மோர் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து கேட்டார்.

"ஏஞ்சாமி, இன்னும் எத்தன நாளைக்கு இப்படி வெயில்ல உக்காந்துட்டு வருவே?"

எங்கள் இருவருக்கும் பேச்சே வரவில்லை.

"பட்டறைக்குப் போறவன் சட்டைய 11 வருசமா நாந்தான தொவைக்கறேன்? எண்ணெய்க் கறைக்கு மாசம் ரெண்டு பார் சோப்புக் கரையும். இப்ப மூணு மாசமா ஒரே சோப்பு கல்லு மேல கெடக்குது. எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சியா?"

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு அழுதுவிட்டார். கல்யாணமாகி 17 வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

"பத்தாம் நாளே எனக்குத் தெரியும். நீயே சொல்லுவீன்னு இருந்தேன். அந்தச் சீர் விசயத்துல மட்டும் நான் வாயத் தொறந்திருக்கோணும். உம் மூஞ்சியப் பாத்துட்டுப் பேசாம இருந்துட்டேன். அது எந்தப்பு" என்றார் மாமியார். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து, "ஏங்கண்ணு, நீயாவது சொல்லியிருக்கலாமில்ல?" என்று கேட்டார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அன்று ராத்திரி கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கூட்டிப் பார்த்தேன். மூன்று மாதத்தில் சமையலறையில் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி நான் மிச்சம் பிடித்தது 2,850 ரூபாய். வேலைக்குப் போவது போல வெளியே போய்வர பெட்ரோல், டீ, வண்டி நிறுத்தும் காசு என்று தினம் 80 ரூபாய் வீதம் மூன்று மாதத்துக்கு 6,240. மொய் 2,000. சீர் 34,500. ஆக, யாருக்கும் தெரியாமல் இருக்க நாங்கள் செலவழித்தது 42,740 ரூபாய்! அடகு வட்டியும் கவரிங் சங்கிலியும் இதில் சேர்த்தி இல்லை. தேங்காய்ச் சில்லைக் கணக்குப் பார்த்த எனக்கு இது கண்ணில் படவில்லை பாருங்கள்.

மறுநாளே மாமியார் போனை எடுத்துக் கொடுத்து, "மொதல்ல உந்தங்கச்சிக்குச் சொல்லு" என்றார். என் நாத்தனார் ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் சண்டைக்கு வந்தாள். "எம்பட அண்ணன் கடன் வாங்கிச் சீர் செஞ்சாத்தான் எனக்குப் பெருமையா? என்னைய வேத்தாளாட்ட நெனச்சுட்டீங்கல்ல அண்ணி" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள். ஒரு மாதம் பேசவே இல்லை. தோட்டைத் திருப்பித் தருகிறேன் என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சபையில் வைத்த சீர் அல்லவா? ஆனால் ஜூன் மாதம் அவள் வீட்டுக்காரர் கையில் ஒரு மூட்டை நிலக்கடலையும் 10 கிலோ கொள்ளும் கொடுத்து அனுப்பினாள். அதற்கப்புறம் பேச்சும் வந்துவிட்டது.

சொல்லியதால் எல்லாமே நன்றாக நடந்தது என்று எழுதினால் அது பொய். 12 வருடமாகக் கடனுக்குச் சாமான் கொடுத்த மளிகைக் கடைக்காரர், விஷயம் தெரிந்த அன்றே "இனிமே கையில காசுங்க அக்கா" என்று சொல்லிவிட்டார். எதிர்வீட்டு அம்மா, கடன் கேட்டுவிடுவேனோ என்று என்னைக் கண்டதும் உள்ளே போய்விடுவார். (நான் அவரிடம் ஒரு கரண்டி காபித்தூள் கூடக் கேட்டதில்லை!) ஆனால் சீட்டுப் பிடிக்கும் அக்கா, நிலைமையைச் சொன்னதும், மீதித் தவணையை வேறொருவர் பேருக்கு மாற்றிவிட்டு நான் கட்டிய பணத்தை இரண்டு மாதத்தில் திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்காரர் இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொண்டார்.

பட்டறையில் கூட வேலை பார்த்த ஒருவர் சொல்லித்தான் இன்னொன்று தெரிந்தது. என் கணவரின் சம்பளம் 20,500. இ.எஸ்.ஐ. வரம்பான 21,000-க்குள் இருந்ததால் மாதாமாதம் பிடித்தம் உண்டு. பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும்தான் இ.எஸ்.ஐ. என்று நாங்கள் நினைத்திருந்தோம். வேலை போன தொழிலாளிக்கு உதவித்தொகை தரும் ஒரு திட்டம் 2018 முதல் அதில் இருந்ததாம். நாங்கள் விண்ணப்பித்த 2023-ல் சராசரிச் சம்பளத்தில் பாதி, 90 நாள் வரைக்கும் கொடுத்தார்கள். வாழ்நாளில் ஒரு தடவைதான். சுமார் 30,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. வேலை போன விஷயத்தை நாலு பேரிடம் பேசியிருந்தால் மார்ச் மாதமே கேட்டிருக்கலாம். கிராஜுவிட்டி, வருடத்துக்கு 15 நாள் அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கில் 76,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல், இரண்டு தவணையாக வந்தது. பி.எப். பணத்தையும் எடுத்து ஒரு கடை போடலாம் என்று என் கணவர் ஆசைப்பட்டார். மாமியாரும் நானும் சேர்ந்து தடுத்துவிட்டோம். தெரியாத தொழிலில் போட்டுவிட்டு அதையும் இழந்தால் பாப்பாவின் கல்யாணத்துக்கு என்ன செய்வது?

பாப்பா பத்தாவதில் 438 மார்க் வாங்கினாள். தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்க்க 38,000 ரூபாய் கேட்டார்கள். அவளை உட்கார வைத்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஒரு நாள் முழுக்க யாரிடமும் பேசவில்லை. அடுத்த நாள் அவளே, "கவர்மென்ட் ஸ்கூல்ல கம்ப்யூட்டர் குரூப் இருக்குதாம்மா, போய்க் கேக்கலாம் வா" என்றாள். புத்தகம் இலவசம். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு தரும் சைக்கிளும் கிடைத்தது. வேன் கூலி 1,100 நின்றது. பழைய தோழிகள் வேனில் போகும்போது இவள் சைக்கிளில் போனதைப் பார்த்து எனக்கு மனசு கஷ்டப்பட்டது உண்மை.

இனிச் சமையலறைக்கு வருகிறேன். இங்கே பெருமை முழுக்க மாமியாருக்குத்தான்.

ரேஷனில் எங்கள் கார்டுக்கு மாதம் 20 கிலோ அரிசி 2011 முதலே இலவசம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதுவரை அந்த அரிசியை நாங்கள் சாப்பிட்டதில்லை. கோழி வளர்க்கும் ஓர் அம்மாவுக்குக் கொடுத்துவிடுவோம். கடையில் கிலோ 55 ரூபாய் அரிசி வாங்கினோம். மாமியார் முறத்தை எடுத்துப் புடைத்து, கல் நீக்கி, முதல் தண்ணீரில் ஒரு பிடி கல் உப்புப் போட்டு அலசி, அப்புறம் நல்ல தண்ணீரில் மூன்று தடவை கழுவினார். வாடை போய்விட்டது. புழுங்கலரிசியை இட்லிக்குப் போட்டோம். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். இட்லி மல்லிகைப் பூ என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் நன்றாகவே வந்தது. மதியச் சோறாகத் தனியாகச் சாப்பிடப் பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். அதனால் வாரம் மூன்று நாள் அரிசிம்பருப்பு சாதமாகச் செய்தோம். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு தட்டிப் போட்டுத் துவரம்பருப்போடு வேகவைத்து, மேலே ஒரு சொட்டு நெய் விட்டால் எந்த அரிசி என்று யாரும் கேட்பதில்லை. ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. அந்த வருடம் வெளியில் பருப்பு விலை 150-ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

நாத்தனார் அனுப்பிய கொள்ளு எங்களுக்குப் பெரிய உதவி. ராத்திரியே ஊறப்போட்டுவிட்டால் குக்கரில் சீக்கிரம் வேகும். வெந்த தண்ணீரை வடித்தால் அது ரசத்துக்கு, கொள்ளைக் கடைந்தால் அது சோற்றுக்கு. ஒரு அடுப்பில் ரெண்டு பதார்த்தம். ராகிக் களி செய்யலாம் என்று மாமியார் சொன்னார். விலை கேட்டுவிட்டு இருவரும் சிரித்தோம். ஏழை சாப்பாடு என்று சொன்னதெல்லாம் இப்போது டாக்டர் எழுதிக் கொடுத்து வசதியானவர்கள் சாப்பிடுகிற சாமானாகிவிட்டது. ரேஷன் அரிசியைவிட ராகி விலை அதிகம்!

காய்கறிக்குச் சிங்காநல்லூர் உழவர் சந்தை. பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் டிக்கெட் இல்லை என்பதால் போக வரச் செலவில்லை. விலையைப் போர்டில் எழுதிப் போட்டிருப்பார்கள், ஏமாற வழியில்லை. வாரம் 450 ஆனது 260 ஆயிற்று.

கரண்ட் விஷயத்தில் எனக்கே ஆச்சரியம். இரண்டு மாதத்துக்கு 320 யூனிட் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது 100 யூனிட் இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2 ரூபாய் 25 காசு, அதற்கு மேல் 4 ரூபாய் 50 காசு. எங்களுக்கு 765 ரூபாய் வரும். ஹீட்டரை நிறுத்தினோம். வெயில் நேரத்தில் வாசலில் அண்டா நிறையத் தண்ணீர் வைத்தால் சாயங்காலம் குளிக்கச் சுடுதண்ணீர் தயார். அடுத்த பில் 210 யூனிட், கட்டியது 270 ரூபாய். மூன்றில் ஒரு பங்கு யூனிட்டைக் குறைத்ததற்கு பில் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. விலையேற்றமே மேலே போகப் போகத்தான், அதனால் மேலே உள்ள யூனிட்டைக் குறைத்தால்தான் லாபம்.

பால், போன், கேபிள் எல்லாம் எல்லோரும் குறைப்பது போலத்தான் குறைத்தோம், அதை நீட்டி முழக்க வேண்டியதில்லை. இந்தப் பேப்பரை நிறுத்தலாமா என்று பேச்சு வந்தபோது மட்டும் நான் சண்டை போட்டேன். கடைசியில் இந்த இணைப்பு வருகிற நாளில் மட்டும் கடையில் வாங்குவது என்று சமாதானம் ஆயிற்று.

மொய்க்கு ஒரு முடிவு எடுத்தோம். நெருங்கின சொந்தம் என்றால் 200, மற்ற இடங்களுக்கு நேரில் போய் வேலை செய்துவிட்டு வருவது. ஒரு கல்யாணத்துக்கு முதல் நாளே போய் வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். "மொய் வைக்க வக்கில்லாம வந்துட்டா" என்று ஒரு கிழவி என் காதுபடச் சொன்னார். ராத்திரி தூக்கம் வரவில்லைதான். ஆனால் காலையில் நோட்டை எடுத்தபோது அந்தப் பக்கத்தில் எழுத ஒன்றும் இல்லை.

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் என் கணக்கில் வர ஆரம்பித்தது. அதை வீட்டுச் செலவில் சேர்க்காமல் மாமியாரின் சர்க்கரை மாத்திரைக்கும் பையனின் ஸ்கூல் சாமானுக்கும் ஒதுக்கினேன். நான் மதியத்தில் புடவைக்கு ஃபால்ஸ் தைக்க ஆரம்பித்தேன். பெரிய வருமானம் ஒன்றும் இல்லை, காய்கறிச் செலவு அதில் ஓடிவிடும். என் சங்கிலியை ஆகஸ்ட் கடைசியில், இ.எஸ்.ஐ. பணத்தோடு கிராஜுவிட்டியில் கொஞ்சம் போட்டு மீட்டோம். வட்டி மட்டும் நான்கு மாதத்துக்கு 2,800 ரூபாய் அழுதோம்.

அக்டோபரில் என் கணவருக்குக் கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. மறுபடி லேத்தான். சம்பளம் 16,000. பழையதைவிட 4,500 குறைவு. இந்த வேலையும் சீட்டுப் பிடிக்கும் அக்காவின் தம்பி சொல்லி அமைந்ததுதான். வருமானம் குறைந்தும் 2024 முழுக்க ஒரு மாதமும் கடன் வாங்காமல் ஓட்டினோம்.

வேலைக்குப் போன முதல் நாள் சாயங்காலம் அவர் கழற்றிப் போட்ட சட்டையை மாமியார் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கையில், மார்பில் எல்லாம் கன்னங்கரேலென்று எண்ணெய். ஒன்றும் சொல்லாமல் துவைக்கிற கல்லுக்கு எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே குரல் வந்தது: "ஏங்கண்ணு, சோப்பு தீந்துபோச்சு. நாளைக்கு ரெண்டு பாரா வாங்கிட்டு வந்துரு."

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை.